அரை மணிக்கொரு வரி

மீனம்பாக்கத்திலிருந்து அரை மணிக்கொரு தரம் ஒரு வரி வருகிறது. இராத்திரி பகல், தீபாவளி பொங்கல் எதுவும் அதற்குக் கிடையாது. அந்த வரிமேல் நான் பைத்தியமாகி நாலு வருஷம் ஆகிறது. ட்ரோன் வாங்கியதில் ஆரம்பித்த பொழுதுபோக்கு இது. இப்போது ட்ரோன் பாதி நாள் அலமாரியில் தூங்குகிறது. நான் மொட்டைமாடியில் போனும் கையுமாக வானத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். வீட்டில் இதை வியாதி என்கிறார்கள். இருக்கட்டும். இவ்வளவு சந்தோஷம் தரும் வியாதி எல்லோருக்கும் வரவேண்டும் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முதலில் அந்த வரியைக் காட்டிவிடுகிறேன். ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வருவதைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

விஓஎம்எம் 190230இசட் 26006கேடி 6000 ஃபியூ018 31/25 கியூ1006 நோசிக்

இதற்கு மெட்டார் என்று பெயர். விமான நிலையத்தில் இப்போது காற்று எப்படி, மேகம் எப்படி, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று விமானிகளுக்குச் சொல்வதற்காக உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே இலக்கணத்தில் எழுதப்படும் குறிப்பு. டோக்கியோவிலும் இதே இலக்கணம், திருச்சியிலும் இதே இலக்கணம். பார்க்கக் காசும் கிடையாது. அமெரிக்க வானிலைத் துறையின் விமானத் தளத்தில் விஓஎம்எம் என்று தட்டினால்கூட நம் மீனம்பாக்கம் வந்து நிற்கும். முதல் முறை பார்த்தபோது யாரோ கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டைத் தட்டியதுபோல் இருந்தது. இன்றைக்கு எனக்கு அது ஒரு கடிதம்.

இந்தக் கடிதத்தை நான் கண்டுபிடித்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. உத்திரமேரூர் பக்கம் மாமாவுக்கு நிலம் இருக்கிறது. ஊருக்கு வெளியே, ட்ரோன் வரைபடத்தின் பச்சை மண்டலத்தில், ஆளில்லாத வெட்டவெளி. ஒரு ஜூலை மாதக் காலை, பதினொரு மணி இருக்கும். போனில் வழக்கமான வானிலை ஆப் சிரித்த முகச் சூரியனைக் காட்டியது. காற்று ஏதோ லேசு என்றது. கடலைக்காட்டு வரப்பில் நின்று ட்ரோனை எழுப்பி, 80 மீட்டர் உயரத்தில் கிழக்கே இருக்கும் ஏரி நோக்கி விட்டேன். அடேயப்பா, என்ன வேகம்! புது பேட்டரி போட்டதன் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். மேல்காற்று அதை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறது என்று தோன்றவே இல்லை.

திருப்பினேன். திரையில் பலத்த காற்று என்று சிவப்பாக எச்சரிக்கை. விசையை முழுசாக முன்னால் தள்ளியும் ட்ரோன் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. பேட்டரி 41, 36, 30 என்று இறங்குகிறது. தூரம் மட்டும் குறையவில்லை. கடைசியில் புத்தி வந்து பனைமர உயரத்துக்குக் கீழிறக்கினேன். கீழே காற்று குறைவு. ஆமைபோல் நகர்ந்து வந்தது. எனக்கு முந்நூறு மீட்டர் தள்ளி யாருடைய கேழ்வரகுக் கொல்லையிலோ தானாக இறங்கி உட்கார்ந்தது. மாமா கேட்டார்: “ஏம்ப்பா, காத்தாடி விட்ட பையன்தானே நீ? காத்து எங்கேருந்து வருதுன்னு பாக்கமாட்டே?”

வாராவாரம் எங்கள் மாடிக்கு வரும் நண்பரின் மகள் விமானி ஆகப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இதைச் சாகசக் கதை மாதிரி சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, “அங்கிள், நீங்க மெட்டார் பாக்கலையா?” என்றாள். ‘பல் தேய்க்கலையா’ என்று கேட்பதுபோல இருந்தது. அன்றைய வரியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். 26014ஜி25கேடி. அதாவது 260 டிகிரியிலிருந்து 14 நாட் வேகத்தில் காற்று, அவ்வப்போது 25 நாட் வரை வீச்சு. என் ட்ரோனோடு வந்த கையேட்டில் தாங்கும் எல்லை வினாடிக்கு 10.7 மீட்டர் என்று இருக்கிறது. மீட்டரை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய நாட் வந்துவிடும், 21. மீனம்பாக்கத்திலேயே 25 அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் மேல்காற்றுக்கு முதுகைக் காட்டி ட்ரோனை அனுப்பியிருக்கிறேன். விமான நிலையத்தில் ஒருவர் கணக்காக எழுதி வைத்துவிட்டுப் போனதை நான் படிக்காமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்று இரவே படிக்க உட்கார்ந்தேன். சொல்கிறேன், ஒரு வாரம் போதும். விஓஎம்எம் ஊரின் பெயர். ‘வி’ தெற்காசியா, ‘ஓ’ தென்னிந்தியா. கடைசி ‘எம்எம்’மை நான் மெட்ராஸ் மீனம்பாக்கம் என்றே வாசிக்கிறேன். ஊர் பெயர் 1996-ல் மாறிவிட்டது. பெட்டியில் ஒட்டும் சீட்டில் இன்றைக்கும் எம்ஏஏ தான். அடுத்தது, 19-ஆம் தேதி, 0230. கிரீனிச் நேரம் அது. ஐந்தரை மணி கூட்டினால் நம் காலை எட்டு. சிரித்த முகச் சூரியன் எப்போது எடுத்த படம் என்று உங்களுக்குத் தெரியாது. மெட்டாரில் நேரம் முதல் வரிசையிலேயே நிற்கிறது. அந்த நேர்மைக்கே நான் அடிமை.

அடுத்து காற்று. எனக்குப் பிடித்த இடம். 26006 என்றால் 260 டிகிரியிலிருந்து, அதாவது மேற்குக்குச் சற்றுத் தெற்கேயிருந்து, 6 நாட்; மணிக்குப் பதினோரு கிலோமீட்டர் பக்கம். காற்று எங்கே போகிறது என்று அது சொல்வதில்லை, எங்கிருந்து வருகிறது என்று மட்டுமே சொல்லும். இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாமும் அப்படித்தானே! வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வந்த திசையை வைத்துத்தான் நம் ஆட்களும் காற்றுக்குப் பெயர் வைத்தார்கள். குப்பத்தில் போய்க் கேட்டால் மேல்காற்றுக்குக் கச்சான் என்பார்கள். இப்போது 36 என்று பார்த்தால் எனக்கு வாடை, 09 என்றால் கொண்டல், 18 என்றால் தென்றல். சர்வதேச விமானச் சங்கேதம் என்று பயந்து திறந்த கதவுக்குப் பின்னால் நம்ம வீட்டுத் திண்ணை!

மேகம் இன்னும் வேடிக்கை. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுதுகிறார்கள். எட்டில் ஒன்றுக்கு நம்மிடம் தனிச்சொல்லே இருக்கிறது, அரைக்கால். ஆக ஃபியூ என்றால் அரைக்காலிலிருந்து கால் வானம் வரை மேகம். ஸ்கேட்டர்ட் என்றால் காலே அரைக்காலிலிருந்து அரை வானம். புரோக்கன் என்றால் அரையே அரைக்காலிலிருந்து முக்காலே அரைக்கால். ஓவர்காஸ்ட் என்றால் வானம் மொத்தமும். தாத்தா காலத்து வாய்ப்பாட்டை வைத்து மேகம் அளக்கலாம் என்று பள்ளியில் ஒருத்தரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் 018 என்பது மேகத்தின் அடிப்பாகம் 1,800 அடியில் என்பதற்கு. நமக்கு அனுமதியே 400 அடி வரைதான் என்பதால் இந்த எண் பெரிதாக இருக்கும்வரை நிம்மதி.

6000 என்பது கண்ணுக்கு எட்டும் தூரம், மீட்டரில். 9999 என்று இருந்தால் பத்து கிலோமீட்டரோ அதற்கு மேலோ. 31/25 என்பது வெப்பமும் பனிநிலையும். இரண்டும் ஒட்டி வந்தால் மூடுபனிக்கு வாய்ப்பு. பிஆர் என்று எழுதியிருந்தால் லேசான மூடுபனி, எஃப்யூ என்றால் புகை. இரண்டும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்த சுருக்கங்கள். போகி விடியலில் இந்த எஃப்யூவைப் பார்க்கவேண்டும்! 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமானங்களையே தாமதமாக்கி, சிலவற்றை வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பியது. பழைய பாயை எரிப்பவர் யாரும் வானூர்திச் சங்கேதத்தில் இடம்பிடிக்கிறோம் என்று நினைத்திருக்கமாட்டார்.

கியூ1006 காற்றழுத்தம். இதில் ஒரு ரகசிய இன்பம் இருக்கிறது. புயல் இல்லாத சாதாரண நாளில் இந்த எண்ணை அரை மணிக்கொரு முறை குறித்துக்கொண்டே வாருங்கள். காலை பத்து மணி வாக்கில் உச்சிக்குப் போகும், மாலை நாலு மணிக்கு மூன்று நாலு புள்ளி இறங்கும், இரவு பத்துக்கு மறுபடி ஏறும், விடியற்காலை நாலுக்கு மறுபடி இறங்கும். வெப்ப மண்டலம் முழுக்க இப்படித்தான், நாளுக்கு இரண்டு மூச்சு. ரங்கநாதன் தெரு நெரிசலில் பை தூக்கிக்கொண்டு நிற்கும்போதுகூட, மணி நாலு, இப்போது நம் தலைக்கு மேல் காற்று கொஞ்சம் லேசாகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்பவர் என்ன நினைக்கிறாரோ.

நோசிக் என்பது, அடுத்த இரண்டு மணி நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை என்பது. அவ்வளவுதான் வரி முடிந்தது.

மெட்டார் நடப்பைச் சொல்கிறது என்றால், நடக்கப்போவதைச் சொல்ல அதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான். டாஃப் என்று பெயர். சென்னைக்கு 30 மணி நேரத்துக்கு முன்கூட்டியே எழுதுகிறார்கள். அதில் பிகமிங் என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு மணிகளும் ஒரு புதுத் திசையும் இருக்கும். கோடையில் அந்த இடம் பெரும்பாலும் கடற்காற்று நுழையும் நேரம். டெம்போ என்று வந்தால் இடையிடையே வந்துபோகும் சங்கதி. அதோடு டிஎஸ்ஆர்ஏவும் சிபியும் சேர்ந்திருந்தால் இடிமழை, இடிமேகம். ஆடி ஆவணி மாலைகளில் காஞ்சிபுரம் பக்கம் கறுத்துக் கூடி, இருட்டும் நேரத்தில் நம் பக்கம் நகர்ந்து வருமே, அதே ஆள். மழை வருவதற்கு முன்னாலேயே அதன் அடியிலிருந்து குளிர்காற்று பாய்ந்து வந்து தெருக்குப்பையெல்லாம் தூக்கிச் சுழற்றும். கால் கிலோ ட்ரோன் அதற்கு இன்னொரு குப்பை. சிபி என்ற இரண்டு எழுத்தைக் கண்டால் நான் பையையே திறப்பதில்லை.

பையை எப்போது திறப்பேன் என்கிறீர்களா? மெட்டாரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குப் பிறந்தநாள் மாதிரி இருந்தது. அதில் எழுதும் வேகம் பத்து நிமிஷத்துச் சராசரி, தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் அளந்தது. வீச்சு சராசரியைவிட 10 நாட்டாவது கூடுதலாக இருந்தால்தான் ஜி என்று எழுதுவார்கள். ஆக ஜி இல்லாத வரியிலும் ஏழெட்டு நாட் துள்ளல் ஒளிந்திருக்கலாம். மேலே போகப்போகக் காற்றும் ஏறும். வெட்டவெளியில் தோராயமாக, பத்து மீட்டரில் 12 நாட் என்றால் 120 மீட்டரில் 17 பக்கம். அதனால் என் சட்டம் எளிது: 10 நாட்டுக்கு மேலே போனாலோ, ஜி என்ற எழுத்து இருந்தாலோ, அன்றைக்கு மாமா வீட்டில் மோர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். மீனம்பாக்கத்து வரி மீனம்பாக்கத்தைச் சுற்றித்தான் செல்லும். உத்திரமேரூருக்கு அது ஜாமீன் கொடுக்காது என்பதால் உள்ளங்கையில் பிடிக்கும் காற்றுமானி ஒன்றும் வைத்திருக்கிறேன். வரியைப் படித்து, காற்றுமானியைப் பிடித்து, பனை ஓலை எப்படி ஆடுகிறது என்று பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால் பறக்கிறேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கேழ்வரகுக் கொல்லைக்குப் போகவில்லை.

“மயிலாப்பூர்லயே இருக்கே, கபாலி கோபுரத்தைச் சுத்தி ஒரு ஷாட் எடுத்துக் கொடேன்” என்று கேட்காத உறவினர் இல்லை. முடியாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் அனுமதியில்லாமல் போகலாம் என்றாலும் 200 அடிதான். அதற்கு மேல் விமானக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரைபடமே இருக்கிறது. நகரத்துக்குள் போலீஸ் கட்டுப்பாடு வேறு. காரணம் தெரியவேண்டுமானால் எங்கள் மந்தைவெளி மாடிக்கு வாருங்கள். மேல்காற்று வீசும் நாட்களில் விமானங்கள் கடலிலிருந்து நுழைந்து, பட்டினப்பாக்கம், கோட்டூர்புரம், கிண்டி என்று எங்கள் தலைக்கு மேலே வரிசையாக இறங்கும். சக்கரம் தெரியும். கடற்காற்று நிலைத்துவிட்டால் ஓடுபாதையை மறுமுனையிலிருந்து எடுப்பார்கள். அப்போது விமானங்கள் இந்தப் பக்கம் ஏறிப்போகும். காற்றை எதிர்கொண்டுதானே ஏறவும் இறங்கவும் வேண்டும். இருபது வருஷம் அதே மாடியில் துணி காயப்போட்டும் நான் இதைக் கவனித்ததில்லை. இப்போது போனைத் திறக்காமலே சொல்வேன்: இறங்கினால் கோடை, ஏறினால் கொண்டல். பிறகு போனைத் திறந்து சரிபார்ப்பேன். சரியாக இருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கிய குதூகலம்.

ஃபெஞ்சல் புயல் வந்த 2024 நவம்பர் 30 அன்று வெளியே தலைநீட்ட முடியவில்லை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். தரையை எட்டும் நேரத்தில் ஒருபக்கம் சாய்ந்து, சட்டென்று மீண்டும் எழும்பிப் போன விமானத்தின் வீடியோவை ஊரே பார்த்துப் பதறியது. நானும் பதறினேன். கூடவே வரியைத் திறந்து ஓடுபாதைத் திசையையும் காற்றின் திசையையும் நோட்டில் கோடு போட்டுப் பார்த்தேன். பக்கவாட்டுக் காற்று என்று செய்தியில் கேட்ட சொல் எனக்கு ஒரு கோணமாகத் தெரிந்தது. எங்கள் தலைமுறைக்கு வானிலை என்றால் டிவியில் வானிலை மையத்து ரமணன் வருவார், பள்ளிக்கு லீவு உண்டா என்று பார்ப்போம். கல்லூரிச் சாலை வானிலை மையத்தைப் பஸ்ஸில் எத்தனை தரம் தாண்டியிருப்பேன். 1792-ல் அங்கே எழுந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் அந்த வளாகத்தில் நிற்கிறது. தமிழும் பொறித்த தூண். அந்தக் காலத்திலிருந்து இந்த ஊரில் யாரோ ஒருவர் மேலே பார்த்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். படிக்கத்தான் நமக்கு இவ்வளவு நாள்.

போன மே மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அக்னி நட்சத்திரம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மா மாடியில் கூழ்வடாம் பிழிந்து வேட்டியில் காயவைத்திருந்தாள். நான் நிழலில் போனோடு. பதினொன்றரை மணி வரி: 27008, மேல்காற்று. கொடியில் துணியெல்லாம் கடல் பக்கம் பறந்துகொண்டிருந்தது. வரியும் துணியும் ஒன்றே சொன்னதில் எனக்குப் பரம திருப்தி. பத்து நிமிஷம் கழித்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

“டேய், வேட்டி நாலு முனையிலயும் கல்லை வை. காத்து திரும்பிடுச்சு.”

“இல்லம்மா. இன்னும் மேல்காத்துதான். மீனம்பாக்கத்துல இப்பதான் பாத்தேன்.”

“மீனம்பாக்கத்துல வடாம் காயுதா? கொடியைப் பாரு.”

பார்த்தேன். துணிகள் ஒரு நிமிஷம் தொங்கின. அப்புறம் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் புரண்டன. கழுத்து வியர்வையில் ஜில்லென்று ஒரு தொடுகை, உப்பு வாசனையோடு. கொண்டல். ஓடிப்போய்க் கல் வைத்தேன். பன்னிரண்டு மணி வரி வந்தது: இன்னும் 27008. பன்னிரண்டரை வரி வந்தது: 12010. மந்தைவெளியில் நுழைந்த கடற்காற்று கோட்டூர்புரத்தையும் கிண்டியையும் தாண்டி, கடலிலிருந்து பத்து கிலோமீட்டர் போலத் தள்ளியிருக்கும் ஓடுபாதையைத் தொட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. சென்னையைக் குறுக்கே கடந்து போகும் ஒரு காற்றின் நடைவேகத்தை, ஒரு கொடித்துணியையும் ஒரு வரியையும் வைத்து நான் அளந்துவிட்டேன்! மாடியில் குதித்தேன். அம்மா வடாம் மிதிபடும் என்று கத்தினாள்.

இப்போது மூன்று மாடிகள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். கோடைக்காலத்தில் கடற்காற்று நுழைந்ததும் அடையாறு நண்பர் ‘வந்தாச்சு’ என்று போடுவார். பிறகு நான். தி.நகரிலிருந்து மூன்றாவது ‘வந்தாச்சு’. அப்புறம் மூவரும் மீனம்பாக்கத்து வரிக்காகக் காத்திருப்போம். அது திரும்பியதும் குழுவில் ஒரே கொண்டாட்டம். ஒருவர் ட்ரோனும் அன்றைக்குப் பையைவிட்டு வெளியே வந்திருக்காது.

அம்மாவுக்கும் இதில் ஒரு பங்கு வந்துவிட்டது. தினமும் வடாம் பிழிவதற்கு முன்னால் கீழேயிருந்து குரல் கொடுக்கிறாள்: “டேய், உன் மீனம்பாக்கம் என்ன சொல்லுது?”